"அவனே ஒத்துக்கிட்டானே, அப்புறம் எதுக்கு விசாரணை?": குற்ற வழக்கில் சாட்சியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கொலை நடந்த மறுநாளே "செஞ்சது இவன்தான்" என்று ஊர் முடிவு கட்டிவிடும். சில ஆண்டுகள் கழித்து அதே ஆளை நீதிமன்றம் விடுதலை செய்தால் கொதித்துப்போகிறோம். சில சமயம் அந்தக் கொதிப்பு நியாயமானதுதான். ஆனால் நீதிபதியின் முன் என்ன வந்தது, என்ன வரவில்லை, வந்ததில் எதை அவர் கணக்கில் எடுக்கவே கூடாது என்பது பெரும்பாலும் நமக்குத் தெரிவதில்லை. அந்த இடத்தில் எழும் கேள்விகளுக்கு, இந்தியச் சட்டப்படி இங்கே பதில் சொல்லப்பட்டிருக்கிறது.

இப்போது எந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது?

2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம், 2023. மொத்தம் 170 பிரிவுகள். அதற்கு முன் இருந்தது 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம். அதை வரைந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். பெயரும் பிரிவு எண்களும் மாறினாலும் அடித்தளம் பெரும்பாலும் பழையதுதான். அதனால்தான் அறுபது, எழுபது ஆண்டு பழைய தீர்ப்புகளை இன்றும் வக்கீல்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். புதிய சட்டம் வந்த நாளில் நிலுவையில் இருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே தொடர்கின்றன. கீழே தரும் பிரிவு எண்கள், வேறு சட்டம் என்று சொல்லாத இடங்களில், புதிய சாட்சியச் சட்டத்தின் எண்கள்.

குற்றத்தை நிரூபிக்க வேண்டியது யார்?

அரசுத் தரப்பு. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் தான் நிரபராதி என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் ஒரு சாட்சியைக்கூட விசாரிக்காமல், ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தாலும், அரசுத் தரப்பின் வழக்கு தன் காலில் நிற்காவிட்டால் விடுதலைதான். எதிர்த்தரப்பின் பலவீனம் அரசுத் தரப்புக்குப் பலமாகாது.

"சந்தேகத்துக்கு இடமின்றி" என்றால் துளிகூடச் சந்தேகம் இருக்கக்கூடாது என்று பொருளா?

இல்லை. நியாயமான சந்தேகம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். இந்தத் தொடர் சாட்சியச் சட்டத்தில் எங்குமே இல்லை. தீர்ப்புகள் வழியாக வந்து நிலைபெற்றது. சட்டம் சொல்வது இதுதான்: விவேகமுள்ள ஒரு மனிதர் ஒரு விஷயம் உண்மை என்று நம்பிச் செயல்படும் அளவுக்கு அது நிகழ்ந்திருக்க வாய்ப்பிருந்தால் அது மெய்ப்பிக்கப்பட்டது. குற்ற வழக்கில் அந்த அளவுகோலை நீதிமன்றங்கள் மிக உயரத்தில் வைத்திருக்கின்றன. கற்பனையாக எழுப்பும் சந்தேகத்துக்கு இடமில்லை. சாட்சியத்திலிருந்தே எழும் சந்தேகமாக இருந்தால், அதன் பலன் கூண்டில் நிற்பவருக்கே. இன்னொன்றும் உண்டு: சந்தேகம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அது நிரூபணத்தின் இடத்தைப் பிடிக்க முடியாது. உச்ச நீதிமன்றம் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் விதி இது.

அப்படியானால் குற்றம் சாட்டப்பட்டவர் எதையுமே நிரூபிக்க வேண்டியதில்லையா?

சில இடங்களில் வேண்டும். "தற்காப்புக்காகத்தான் அடித்தேன்" என்றோ, "மனநிலை சரியில்லாத நேரத்தில் நடந்தது" என்றோ விதிவிலக்கு கேட்டால், அதைக் காட்டும் பொறுப்பு அவருடையது (பிரிவு 108). ஆனால் அரசுத் தரப்பு அளவுக்கு அவர் நிரூபிக்க வேண்டாம். அப்படி இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விஷயம் என்றால் அதைச் சொல்ல வேண்டியவர் அவரே (பிரிவு 109). சட்டமே தரும் உதாரணம் ரயிலில் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர். டிக்கெட் வைத்திருந்தேன் என்றால் அவர்தான் காட்ட வேண்டும். இந்தப் பிரிவை வைத்து அரசுத் தரப்பு தன் சுமையை மொத்தமாக எதிர்த்தரப்பின் தலையில் இறக்கிவைக்க முடியாது என்று 1956லேயே சம்புநாத் மெஹ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லை போட்டுவிட்டது.

பிறகு, சட்டமே முன்கூட்டி அனுமானித்துக்கொள்ளும் இடங்கள். திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறாக இறந்து, இறப்பதற்குச் சற்று முன் வரதட்சணை கேட்டு அவள் கொடுமைப்படுத்தப்பட்டது நிரூபணமானால், அது வரதட்சணை மரணம் என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் (பிரிவு 118). குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்திலும் இப்படிப்பட்ட அனுமானம் உண்டு. அங்கேயும் அடிப்படை விவரங்களை முதலில் அரசுத் தரப்பு நிறுவியாக வேண்டும்.

போலீஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டவரை ஏன் தண்டிக்க முடியாது?

பலரையும் கோபப்படுத்தும் கேள்வி இது. என்னைக் கேட்டால், சாட்சியச் சட்டத்திலேயே மிகவும் காப்பாற்றப்பட வேண்டிய விதியும் இதுதான்.

பிரிவு 23 இப்படிச் சொல்கிறது: போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை, கொடுத்தவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது. போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும், மாஜிஸ்திரேட் உடனிருந்தால் ஒழிய, அதுவும் செல்லாது. காவலுக்கு வெளியே சொன்னதாக இருந்தாலும், மிரட்டலாலோ ஆசை காட்டியோ வற்புறுத்தியோ பெற்றது போலத் தோன்றினால் பிரிவு 22 அதைத் தள்ளிவிடும்.

காரணம் எளிது. பூட்டிய அறைக்குள் என்ன நடந்தது என்று வெளியில் இருப்பவர்களால் சொல்ல முடியாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலுக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்துபோனதைத் தமிழ்நாடு பார்த்தது. அடிதாங்க முடியாதவர் செய்யாததையும் செய்தேன் என்பார். வாயிலிருந்து வரவழைத்ததே போதும் என்று ஆகிவிட்டால், வெளியே போய் ஆதாரம் தேட வேண்டிய அவசியமே புலனாய்வு அதிகாரிக்கு இருக்காது. உண்மையான குற்றவாளி தப்புவதும் அப்படித்தான்.

இந்தப் பாதுகாப்பு காக்கிச் சட்டைக்கு மட்டும் பொருந்துவதல்ல. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் விசாரிக்கும் அதிகாரிகளிடம் தரும் ஒப்புதல் செல்லுமா என்ற கேள்வி நெடுங்காலம் இழுபட்டது. 2020இல் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், அவர்களும் இந்த விதிக்குப் போலீஸ் அதிகாரிகளே, அவர்களிடம் தந்த ஒப்புதலை வைத்துத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் "எதிரி கொடுத்த வாக்குமூலத்தின் பேரில் அரிவாள் கைப்பற்றப்பட்டது" என்று வருகிறதே?

வரும். (இங்கே எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்.) பிரிவு 23இன் முடிவில் ஒரு விலக்கு இருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு விஷயம் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். அது எவ்வளவு என்பதைச் சென்னை மாகாணத்திலிருந்து மேல்முறையீடாகப் போன புலுக்குரி கோட்டய்யா வழக்கில் 1946இல் பிரிவி கவுன்சில் (அன்று லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றம்) அளந்து வைத்தது. "கத்தியை என் வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்திருக்கிறேன், அதை வைத்துத்தான் இன்னாரைக் குத்தினேன்" என்று ஒருவர் சொல்கிறார், கத்தியும் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பாதி உள்ளே வரும். "குத்தினேன்" என்ற பாதி வராது. கத்தி அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்பது மட்டுமே நிரூபணம். குத்தியது அதே கத்தியா, குத்தியது அவரா என்பதை வேறு சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டும். கத்தியில் இருக்கும் ரத்தம் யாருடையது என்ற ஆய்வக அறிக்கைக்கு அவ்வளவு முக்கியத்துவம் இருப்பது இதனால்தான்.

நம் ஊர் வழக்குகளில் இந்தக் கைப்பற்றுதலுக்குப் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும்தான் மகஜர் (கைப்பற்றியதை அங்கேயே எழுதும் பதிவு) சாட்சிகள். எல்லா வழக்கிலும் அதே நடை, அதே வாசகம், ஆள் மட்டும் வேறு என்றால், நீதிபதிக்கு இயல்பாகவே நம்பிக்கை குறையும்.

மாஜிஸ்திரேட் முன் ஒப்புக்கொண்டால்?

செல்லும். ஆனால் நடைமுறை கடுமையானது. இதை நீங்கள் சொல்லியே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உங்களுக்கு எதிராகவே பயன்படலாம் என்று மாஜிஸ்திரேட் முதலில் விளக்க வேண்டும். யோசிக்க அவகாசம் தர வேண்டும். பொதுவாக 24 மணி நேரமாவது தருவது வழக்கம். சொல்ல விருப்பமில்லை என்றால் அந்த ஆளை மறுபடி போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது. இந்தக் கடைசிப் பாதுகாப்பு இல்லாவிட்டால் முன்னவற்றுக்கு அர்த்தமே இல்லை.

உண்மை கண்டறியும் சோதனை செய்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமே?

சம்மதம் இல்லாமல் செய்ய முடியாது. தனக்கெதிராகச் சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவு. நார்கோ (மருந்து செலுத்தி அரைமயக்கத்தில் கேள்வி கேட்பது), மூளை வரைபடம், பொய் கண்டறியும் கருவி மூன்றையும் கட்டாயப்படுத்திச் செய்வது சாசனத்துக்கு முரண் என்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010இல் தீர்ப்பு வந்தது. சம்மதித்துச் செய்துகொண்டாலும் சோதனை முடிவு தனியாகச் சாட்சியம் ஆகாது. கைரேகை, கையெழுத்து மாதிரி எடுப்பது இதில் அடங்காது. அது 1961லேயே தீர்ந்துபோன விஷயம்.

முதல் தகவல் அறிக்கையில் எழுதியிருப்பது சாட்சியமா? போலீஸ் வாங்கிய வாக்குமூலங்கள்?

முதல் தகவல் அறிக்கை புலனாய்வைத் தொடங்கிவைக்கும் ஆவணம். அதைக் கொடுத்தவர் கூண்டில் ஏறிச் சொல்வதுதான் சாட்சியம். அறிக்கை அவர் சொல்வதை வலுப்படுத்தவோ முரணைக் காட்டவோ பயன்படும். ஆனால் அது தாமதமாகப் பதிவாகியிருந்தாலும், நீதிமன்றத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் வழக்கு ஆட்டம் காணும். இடைப்பட்ட நேரத்தில் உட்கார்ந்து யோசித்துப் பெயர்களைச் சேர்த்தார்களோ என்ற கேள்வி வந்துவிடுகிறது.

சாட்சிகளிடம் போலீஸ் எழுதி வாங்கும் வாக்குமூலத்தில் கையெழுத்தே வாங்கக் கூடாது. சாட்சி நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னால், "அன்று இப்படிச் சொன்னீர்களே" என்று முரண் காட்ட மட்டுமே அது பயன்படும்.

"அவர் சொன்னார், இவர் சொன்னார்" என்பதை ஏன் ஏற்பதில்லை?

பார்த்ததைப் பார்த்தவரே சொல்ல வேண்டும், கேட்டதைக் கேட்டவரே சொல்ல வேண்டும் (பிரிவு 55). நேரில் இல்லாதவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. குறுக்கு விசாரணைக்கு நிற்காத வார்த்தையை நம்பி ஒருவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. பத்திரிகைச் செய்திக்கும் இதே கதிதான். செய்தியை எழுதியவரோ விவரம் தெரிந்தவரோ வந்து சாட்சி சொல்லாதவரை அது வெறும் செவிவழித் தகவல் என்று லட்சுமி ராஜ் ஷெட்டி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1988இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மரண வாக்குமூலமும் செவிவழிதானே?

ஆம். ஆனால் சொன்னவர் இனி வரவே முடியாது என்பதால் சட்டம் அதற்குக் கதவு திறந்திருக்கிறது (பிரிவு 26). இங்கிலாந்துச் சட்டத்தில், சாகப்போகிறோம் என்று தெரிந்து சொல்லியிருக்க வேண்டும். இந்தியாவில் அந்த நிபந்தனை இல்லை. தன் சாவுக்கான காரணத்தையோ சாவில் முடிந்த சூழ்நிலையையோ பற்றிச் சொல்லியிருந்தால் போதும்.

மாஜிஸ்திரேட் வந்து கேள்வி பதிலாகப் பதிவு செய்வதுதான் சிறந்தது. அப்படி இல்லாவிட்டாலும் செல்லும். வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. கழுத்து அறுபட்டுப் பேச முடியாமல் போன ஒரு பெண், கேட்ட கேள்விகளுக்குக் கையசைத்துச் சொன்ன பதிலை 1885லேயே அலகாபாத் உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. நினைவோடு இருந்தார் என்ற டாக்டர் சான்று இல்லை என்பதற்காக மட்டும் தள்ளக் கூடாது என்று 2002இல் லக்ஷ்மண் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. நம்பிக்கை தந்தால் அது ஒன்றை வைத்தே தண்டிக்கலாம். ஆனால் சொன்னவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பதால் நீதிமன்றம் சல்லடை போட்டுச் சலிக்கும். உறவினர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தார்களா? ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குமூலங்கள் இருந்தால் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா? தீக்காய வழக்குகளில், முதலில் "ஸ்டவ் வெடித்தது" என்றும் பிறகு "கணவர்தான் கொளுத்தினார்" என்றும் இரண்டு வாக்குமூலம் இருப்பதைக் காணலாம். பயத்தில் சொன்னது எது, உண்மை எது என்று பிரித்தறிவதைவிடக் கடினமான வேலை ஒரு நீதிபதிக்கு இருக்குமா தெரியவில்லை.

உயிர் பிழைத்துவிட்டால் அது மரண வாக்குமூலம் ஆகாது. அவரே வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு சாட்சியை வைத்துத் தண்டிக்க முடியுமா?

முடியும். இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கே சட்டத்தில் இல்லை (பிரிவு 139). வடிவேலு தேவர் எதிர் சென்னை மாகாண அரசு வழக்கில், 1957இல் உச்ச நீதிமன்றம் சாட்சிகளை மூன்று வகையாகப் பிரித்தது: முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத்தகாதவர், இரண்டுக்கும் நடுவில் இருப்பவர். முதல் வகையில் ஒருவர் போதும். இரண்டாம் வகையில் நூறு பேர் வந்தாலும் பயனில்லை. மூன்றாம் வகைக்குத்தான் வேறு ஆதாரத்தின் துணை வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் சாட்சியம் நம்பத்தக்கதாக இருந்தால் அதற்கு வேறு துணைச் சான்று கேட்கக் கூடாது என்பது 1996இல் குர்மித் சிங் வழக்கு முதல் உறுதியான நிலைப்பாடு. அவருடைய முந்தைய பாலியல் வாழ்க்கையைக் கிளறும் கேள்விகளுக்கும் சட்டத்தில் இடமில்லை.

செத்தவரின் அண்ணன் சொல்வதை எப்படி நம்புவது?

உறவினர் என்பதற்காகவே தள்ளக் கூடாது. தன் ரத்த சொந்தத்தைக் கொன்றவனை விட்டுவிட்டு வேறொருவனை மாட்டிவிட நெருங்கிய உறவினர் எளிதில் துணிய மாட்டார் என்று 1953இல் தலிப் சிங் வழக்கில் சொல்லப்பட்டது. ஆனால் இரு குடும்பங்களுக்கும் பழைய பகை இருந்தால், உண்மைக் குற்றவாளியோடு சேர்த்து அவன் தம்பியையும் மாமனையும் இழுத்துப்போடுவது நடக்கும். அங்கே கூடுதல் கவனம் தேவை.

குழந்தை சாட்சி சொல்லலாமா?

சொல்லலாம். வயது வரம்பு கிடையாது. கேள்வியைப் புரிந்துகொண்டு பொருத்தமாகப் பதில் சொல்ல முடிந்தால் போதும் (பிரிவு 124). 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சத்தியப்பிரமாணம் கட்டாயமில்லை.

பிறழ் சாட்சி ஆகிவிட்டால் வழக்கு அவ்வளவுதானா?

அவ்வளவுதான் என்று இல்லை. போலீஸில் சொன்னதற்கு மாறாகச் சொல்லும் சாட்சியை, நீதிமன்ற அனுமதியுடன் அரசு வக்கீலே குறுக்கு விசாரணை செய்யலாம் (பிரிவு 157). அவர் சொன்னது முழுவதும் குப்பைக்குப் போய்விடாது. நம்பத்தக்க பகுதி இருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். அரசு வக்கீல் கேட்கும் முதல் விசாரணையில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, பல மாதம் கழித்து நடக்கும் குறுக்கு விசாரணையில் பல்டி அடிக்கும் சாட்சிகளை நீதிமன்றங்கள் நன்கு அறியும். அந்த இடைவெளியில் என்ன நடந்திருக்கும் என்பது ஊகிக்கக் கடினமானதல்ல.

பிறழ்ந்தவரைத் திட்டுவது எளிது. எதிரில் நிற்பவன் அதே தெருக்காரன், ஜாமீனில் வெளியே இருப்பவன், கூலி வேலைக்குப் போகும் தன்னைக் காப்பாற்ற யாரும் இல்லை என்ற நிலையில் இருப்பவரிடம் வீரத்தை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. 2018இல் மகேந்தர் சாவ்லா வழக்கில் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்து, நாடு முழுவதும் செல்லும் என்றது. மிரட்டல் இருந்தால் அதன் கீழ் விண்ணப்பிக்கலாம். இந்தத் திட்டம் இருப்பதே தெரியாத சாட்சிகள்தான் அதிகம். அது பெரிய குறை.

யாருமே பார்க்காத கொலையில் எப்படித் தண்டிப்பது?

சூழ்நிலைச் சாட்சியத்தால். 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த ஐந்து கோட்பாடுகள்தான் இன்றும் வழிகாட்டி. ஒவ்வொரு சூழ்நிலையும் முழுமையாக நிரூபணமாக வேண்டும். அவை குற்றத்தோடு மட்டுமே பொருந்த வேண்டும். முடிவு உறுதியாக அவரை நோக்கியே போக வேண்டும். வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் இருக்கக்கூடாது. கண்ணி விடுபடாத சங்கிலியாக எல்லாம் சேர்ந்து அவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது என்று காட்ட வேண்டும். "இருவரையும் கடைசியாகச் சேர்ந்து பார்த்தேன்" என்ற சாட்சியம் மட்டும் போதாது. பார்த்த நேரத்துக்கும் சாவுக்கும் இடைவெளி கூடக்கூட அதன் வலு குறையும்.

சிசிடிவி, வாட்ஸ்அப், செல்போன் பதிவு போதாதா?

முறையாகக் கொண்டுவந்தால் வலுவான சாட்சியம்தான். மூலக் கருவியையே நீதிமன்றத்துக்குக் கொண்டுவராமல் பென்டிரைவிலோ சிடியிலோ நகல் எடுத்து வந்தால், பிரிவு 63இன்படி சான்றிதழ் வேண்டும். இது கட்டாயம் என்று பழைய 65பி பிரிவை வைத்து 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உறுதி செய்யப்பட்டது. புதிய சட்டத்தில் சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள்: ஒன்றைக் கருவியைக் கையாண்டவரும் மற்றதை வல்லுநரும் தர வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் எண், எழுத்துக் கோவை) அதில் குறிக்க வேண்டும். பின்னால் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அந்த மதிப்பு காட்டிக்கொடுத்துவிடும். ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்து நீட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போனை அழிக்காமல், மாற்றாமல் வைத்திருங்கள்.

சட்டவிரோதமாகச் சோதனை போட்டு எடுத்த பொருள் செல்லுமா?

பெரும்பாலும் செல்லும். வழக்குக்குப் பொருத்தமானதா என்பதையே இந்திய நீதிமன்றங்கள் முதலில் பார்க்கின்றன. எப்படிக் கிடைத்தது என்பதற்காக மட்டும் தள்ளுவதில்லை. 1973இல் பூரண் மல் வழக்கு இதற்கு அடிப்படை. போதைப்பொருள் சட்டத்தில் உடல் சோதனைக்கு முன், மாஜிஸ்திரேட் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்கும்படி கேட்கும் உரிமை உண்டு என்று சொல்லாவிட்டால் வழக்கு விழும். அது முக்கியமான விலக்கு. இந்த விஷயத்தில் நம் சட்டம் குடிமகனுக்கு இன்னும் அதிகம் செய்திருக்கலாம் என்பது என் கருத்து.

அவன் மேல் ஏற்கெனவே பத்து வழக்கு இருக்கிறதே?

அதை வைத்து இந்த வழக்கை நிரூபிக்க முடியாது. தான் நல்லவர் என்று அவரே சாட்சியம் கொண்டுவந்தால்தான் கெட்ட நடத்தையைப் பற்றிப் பேச முடியும் (பிரிவு 49). தண்டனை அளவைத் தீர்மானிக்கும்போது பழைய தண்டனைகள் கணக்கில் வரலாம்.

சாட்சியாக எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. என்ன செய்வது?

போக வேண்டும். முதலில் அரசு வக்கீல் கேட்பார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். தேவைப்பட்டால் அரசு வக்கீல் மீண்டும் கேட்கும் மறு விசாரணை நடக்கும். பதிலைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் கேள்விகளைக் குறுக்கு விசாரணையில் கேட்கலாம். "நீங்கள் அங்கே இல்லவே இல்லை என்கிறேன்" என்று அடித்துச் சொன்னாலும் பதற வேண்டாம். அது அவருடைய வேலை. பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றும் மறந்ததை ஞாபகமில்லை என்றும் சொல்வதில் குறைவொன்றும் இல்லை. இடைவெளியை ஊகத்தால் நிரப்பும்போதுதான் உண்மையான சாட்சியும் பொய்ச் சாட்சி போலத் தெரிகிறார். வந்துபோகும் செலவுக்குப் படி கேட்கலாம். சொன்னது பதிவானதும் அதைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். தவறாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே நீதிபதியிடம் சொல்லித் திருத்தம் கேளுங்கள்.